பாஸியின் இரண்டாவது தட்டு

டார் எஸ் சலாம் நகரத்தில் நேரம் தவறாதவன் நான் ஒருவன்தான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. கடல் உப்புக் கரிக்கும் என்பதுபோல இதுவும் ஒரு தகவல். பள்ளிவாசலில் பாங்கு சொல்பவரே வெள்ளிக்கிழமைகளில் தொண்டையைச் செருமி அரை நிமிடம் பிந்துவார். எங்கள் கல்லூரியின் புள்ளியியல் ஆசிரியர் ஒரு வகுப்புக்கு இரண்டு மணி நேரம் பிந்தி வருவார், மறு வகுப்புக்கு வரவே மாட்டார், சராசரியில் எல்லாம் சரியாகிவிடும் என்பார். கணினி காலை ஏழு என்று காட்டும்போது, விடிந்து ஒரு மணி நேரம்தானே ஆயிற்று, மணி ஒன்று என்று சொல்கிற ஊர் இது. ஆறு மணி நேர வித்தியாசத்தையே யாரும் பொருட்படுத்தாத ஊரில், முப்பது மில்லி நொடிக்காகத் தூக்கம் கெட்டவன் நான்.

ஸ்கோலா மேடம், உங்கள் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த காகிதத்தில் என் கைப்படவே எழுதுகிறேன். உங்கள் எழுத்தரிடம் சொல்லலாம் என்றீர்கள். அவர் ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறார். ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் அவர் விடும் இடைவெளி ஒன்றுபோல் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியாது.

வந்த காரியம் சின்னது. உங்கள் அறிக்கையில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். போன மாதம் ஒரு வியாழக்கிழமை மிகொரோஷினி இறக்கத்தில், ம்பகாலா–கரியாகூ தடத்தில் ஓடும் டலாடலா மினிபஸ்ஸின் கண்டக்டர் பாஸிக்கு நடந்ததைப் பற்றி, "வண்டியில் ஒலித்த பாட்டில் தற்செயலாக இடம்பெற்றிருந்த ஓசையால் ஓட்டுநர் குழம்பி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டைக் கட்டியவன் நான். பெயர் ஷொமாரி, வயது இருபத்திரண்டு. என் பாட்டில் தற்செயலாக எதுவும் இடம்பெறுவதில்லை.

தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்வது சிங்கேலி என்கிற அதிவேக ஆட்டப்பாட்டு. நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது தாள அடி, அதாவது நொடிக்கு நான்கு. கேட்பவனின் முழங்காலுக்கு யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் இலக்கணம். இதற்கு வாத்தியக்காரர்கள் வேண்டாம். ஒரு பழைய மடிக்கணினியும் அதில் பாட்டுக் கட்டும் மென்பொருளும் போதும். நான் கற்றுக்கொண்ட முதல் பதிப்பு இலவசம். செய்த பாட்டைச் சேமித்து வைக்கலாம், மறுபடி திறக்க முடியாது. ஆகவே ஒரே அமர்வில் முடித்தாக வேண்டும். மின்சாரம் போனால் பாட்டும் போகும். எழுபத்திரண்டு பாட்டுகள் எனக்கு அப்படிச் செத்தன. பிறகு பூட்டு உடைத்த பதிப்பு ஒன்று கிடைத்தது. அதற்குத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன்.

திரையில், பல்லாங்குழி மாதிரி நாங்கள் ஆடும் பாவோ பலகையின் குழிகளைப்போல வரிசை வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஒரு வரிசை மத்தளத்துக்கு, ஒரு வரிசை கைதட்டலுக்கு, ஒன்று குழலுக்கு. எந்தக் கட்டத்தில் காய் போடுகிறோமோ அங்கே சத்தம் வரும். சொல்லித்தர ஆள் கிடையாது. தப்பாகப் போட்டு, கேட்டு, அழித்து, மறுபடி போட்டுத்தான் கற்றேன். ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் என் வலது கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போதும் ஆடியது, தொழுகையில் உட்காரும்போதும் ஆடியது. பக்கத்தில் இருந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அல்லாவுக்கு அவசரம் இல்ல" என்றார்.

அந்த மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. கையால் தட்டிப் பதிவுசெய்த ஓசைகள் கட்டத்துக்கு முன்னேயும் பின்னேயும் சிதறிக் கிடந்தால், பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொன்றும் ஓடிப்போய்த் தன் தன் இடத்தில் நின்றுகொள்ளும். தலைமையாசிரியர் வராந்தாவில் தென்பட்டதும் பிள்ளைகள் வரிசையாவதுபோல. அதை முதன்முறை அழுத்திய நாளில் என் கால் ஆட்டம் நின்றது. கையால் தட்டிப் பிழைக்கிறவர்களை அன்று முதல் ஒருவித இரக்கத்தோடு பார்க்கத் தொடங்கினேன். அவர்களைப் பற்றி நான் சொன்ன நகைச்சுவைகள் கல்லூரியில் கொஞ்சம் பிரபலம். இங்கே அவை தேவையில்லை.

பாஸி என் கூட்டாளி. டலாடலாவின் கதவில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு ஊர்ப்பெயர்களைக் கத்துவது அவன் வேலை. அந்தக் கத்தலில் பாட்டு இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நான். ஆறு பாட்டுகள் சேர்ந்து செய்தோம். வாய் அவனுடையது, கட்டம் என்னுடையது. நாக்கில் அவன் நேரம் தவறியதே கிடையாது, அதையும் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

கண்டக்டர் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. உங்களுக்குத் தெரியாததில்லை. அந்த இரண்டு தட்டைப் பாட்டில் சேர்க்கலாம் என்பது என் யோசனை. கைபேசியில் பதிவுசெய்து, கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் தட்டு கச்சிதம். இரண்டாவது, விழவேண்டிய இடத்துக்கு முப்பது மில்லி நொடி தள்ளி விழுந்திருந்தது. நாற்பது முறை பதிவுசெய்தேன். நாற்பதிலும் அதே முப்பது. ஒரு மனிதன் இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்ய முடியும் என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு அவனுக்குப் போட்டுக் காட்டினேன்.

"யாருடா இது தட்டுறது?" என்றான் பாஸி.

"நீதான்."

"நானா? பொணத்தோட கையப் புடிச்சுத் தட்டுன மாதிரி இருக்கு. டேய் ஷொமாரி, உன் பாட்டுல எல்லாம் இருக்குடா. இடுப்பு மட்டும்தான் இல்ல."

"நீ லேட்டா தட்டுற பாஸி. முப்பது மில்லி செகண்டு."

"லேட்டு இல்லடா வாத்தியாரே. கடைசி ஆளு கால எடுத்து உள்ள வைக்க எடம் விடுறேன். அந்த எடத்தத் தூக்கிட்டன்னா அவன் ரோட்லதான் கெடப்பான்."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பாட்டு என் கட்டப்படியே வெளிவந்தது.

அடுத்த ஞாயிறு பிற்பகல் ம்டோனியில் ஒரு கல்யாணம். தெருவை மறித்து ஒலிபெருக்கி அடுக்கியிருந்தார்கள். எங்கள் பாட்டைப் போட்டதும் ஜனங்கள் ஆடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருத்தப்படக் கூடாதே என்று ஆடுகிற ஆட்டம். அப்போது பாஸி ஒரு எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, என் பாட்டின் மேலேயே தன் கையால் தட்டத் தொடங்கினான். ஒன்று, கொஞ்சம் பொறுத்து, இரண்டு. சிப்ஸ் முட்டை போட்டுக்கொண்டிருந்த பெண் கரண்டியோடு ஓடிவந்தாள். பந்தல் கால் ஒன்று சாய்ந்தது. மணப்பெண்ணின் தாயார் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். பாஸியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை போனார்கள். கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு பெரியவர் வந்து, "தம்பி, நீ அவருக்கு டிரைவரா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அன்று திரும்பும் வழியில் பாஸி சொன்னான்.

"கோவிச்சுக்காத மச்சான். வர்ற சனிக்கெழம டண்டாலேல ஒரு ஸ்டூடியோவுல கூப்புட்டிருக்காங்க. தட்ட அப்படியே விடுறாங்களாம். பாட்டுக்குப் பேரு என்ன தெரியுமா? 'பாஸியின் கை'. ஊரு முழுக்க அடிக்கப் போகுது பாரு."

நல்ல பெயர் என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். என் கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது.

கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. கோபம் வந்தால் எனக்குக் கணக்கு தப்பும். நான் யோசித்தது ஒரே விஷயம்தான். சனிக்கிழமைக்குப் பிறகு அந்தத் தவறு ஊரின் எல்லா வண்டிகளிலும் ஒலிக்கும். பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்வார்கள். இருநூற்று நாற்பது அடியில் ஊரே முப்பது மில்லி நொடி பிந்தி நடக்கும். ஏற்கெனவே நாம் நடக்கிற நடை போதாதா? ஒருவர் இதைத் தடுக்க வேண்டும் என்றால், அதைக் கேட்கும் காது உள்ளவன்தானே தடுக்க வேண்டும்?

திங்கட்கிழமை முதல் கல்லூரிக்குப் போகாமல் பாஸியின் வண்டியிலேயே போய்வந்தேன். பாட்டுப் போடுகிறவன் என்பதால் எனக்கு முன் இருக்கை. ஓட்டுநர் கிப்வானா அண்ணனுக்கு இடப்பக்கம், சரியாக முன்சக்கரத்துக்கு மேலே. என் கைபேசியிலிருந்து ஒரு கம்பி அவருடைய ஒலிபெருக்கிக்குப் போகும். அவர் பதினேழு வருடமாக ஓட்டுகிறவர். அவருக்கு முழங்கால் வலி, வண்டிக்குக் கைப்பிரேக் வேலை செய்யாது. மிகொரோஷினி இறக்கத்தில் வண்டி நின்றால் பாஸி குதித்து இறங்கி முன்சக்கரத்துக்கு முட்டுக்கல் வைப்பான். அண்ணன் காலை எடுத்து நீட்டிக்கொள்வார். ஆட்கள் ஏறுவார்கள். பாஸி ஒரு கடைசிக் குரல் கொடுப்பான்: "ஒரே ஒரு ஆளு! ஒல்லியா இருந்தா ரெண்டு!" அண்ணன் பிரேக்கில் காலை வைப்பார். பாஸி குனிந்து கல்லை இழுப்பான், நிமிர்ந்து தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவான், அண்ணன் காலை எடுப்பார், வண்டி உருளும்.

கடைசிக் குரலிலிருந்து அவன் கை கல்லுக்கு அடியில் போகும் வரை ஏழு நொடி. திங்களன்று பதினொரு முறை அளந்தேன். ஏழேதான். பாஸி அவ்வளவு ஒழுங்கானவன் என்று ஏற்கெனவே சொன்னேன்.

நொடிக்கு நான்கு அடி. ஏழு நொடிக்கு இருபத்தெட்டு. மேடம், எங்கள் தொழிலில் முன்னிசை முப்பத்திரண்டு அடி. நேற்று மென்பொருளைத் திறந்த பையனுக்குக்கூட அது தெரியும். அன்றிரவு நான் கட்டிய பாட்டில் இருபத்தெட்டுதான். அதை எந்தச் சிங்கேலிக்காரனிடம் வேண்டுமானாலும் போட்டுக் காட்டுங்கள். நாலு அடி எங்கேடா போச்சு என்று சிரிப்பான். இருபத்தெட்டில் எல்லா ஓசையும் நிற்கும். அந்த அமைதியில் இரண்டு தட்டு. பிறகு பாட்டு தொடரும்.

செவ்வாய்க்கிழமை நான்கு நடையிலும் போட்டுப் பார்த்தேன். நான்கு நடையிலும் பாஸியின் கை கல்லுக்கு அடியில் இருந்தது. நான்கு நடையிலும் கிப்வானா அண்ணனின் கால் பிரேக்கை விட்டு அசையவில்லை. அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"பாட்டுல தட்டுற பய யாருப்பா? எந்த வண்டில வேல பாக்குறான்? நம்ம பய இல்ல. அவன் தட்டுனா எனக்குக் கால் தானா எந்திரிக்கும்."

வெளியே பாஸி கல்லோடு நிமிர்ந்து, "அண்ணே, பேசிட்டே இருந்தா மத்த வண்டிக்காரன் சோத்த அள்ளிட்டுப் போயிருவான்!" என்று கத்தி, தன் முறைப்படி தட்டினான். அண்ணனின் கால் எழுந்தது.

புதன்கிழமை பகல் வீட்டில் உட்கார்ந்தேன். இரண்டாவது தட்டை மவுஸால் பிடித்து, அதன் கட்டத்திலிருந்து வெளியே இழுத்தேன். முப்பது மில்லி நொடி. பொத்தான் மூலம் அல்ல, கையால். எனக்குக் கூசியது. ஆனால் இது தொழில்நுட்பத் தேவை மட்டுமே. நான் அந்தத் தட்டை ஏற்றுக்கொண்டதாக யாரும் பொருள் கொள்ள வேண்டாம். மடிக்கணினி உங்கள் மேசையில் இருக்கிறது. 'தட்டு_சரி' என்று ஒரு கோப்பு, செவ்வாய்க்கிழமை ஓடியது. 'தட்டு_பிந்தி' என்று ஒரு கோப்பு, புதன் பகலில் சேமித்தது. தற்செயல் என்பது கோப்புக்குப் பெயர் வைக்காது.

வியாழக்கிழமை முதல் நடை. பாஸி கல்லை வைத்தான். சீருடைப் பிள்ளைகள் நாலு பேர், மீன் கூடையோடு ஒரு பெண், பெட்டியைத் தலையில் வைத்த ஒருவர். "ஒரே ஒரு ஆளு! ஒல்லியா இருந்தா ரெண்டு!" நான் பாட்டைத் தொடங்கினேன். பாஸி என் ஜன்னலுக்கு நேர் கீழே வந்தான். குனிவதற்கு முன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான், இருபத்து நான்காவது அடியில். குனிந்தான். இருபத்தெட்டு. அமைதி. ஒன்று, கொஞ்சம் பொறுத்து, இரண்டு.

கிப்வானா அண்ணனின் கால் எழுந்தது.

மற்றதை விவரிக்கத் தேவையில்லை. உங்கள் அறிக்கையில் அந்தப் பகுதி மட்டும் சரியாக இருக்கிறது. வலது கை, மணிக்கட்டு வரை.

பாஸியைக் கொல்ல நினைத்தாயா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பிசகு எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் வெட்டுவதுதான் முறை. அதற்காகப் பாட்டு முழுவதையும் அழிப்பவன் கற்றுக்குட்டி.

கிப்வானா அண்ணன் உங்கள் பின்கட்டு லாக்கப்பில் இருக்கிறார் என்று தெரியும். அவரை மீட்க வந்தேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். விட்டால் சந்தோஷம். நான் வந்தது அந்த ஒரு சொல்லுக்காக.

இன்னொன்றும் இருக்கிறது. போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப்போனேன், அவனால் உரிக்க முடியாது என்று யோசிக்காமல். நானே உரித்துக் கொடுத்தேன். அவனுக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை.

"மச்சான், நல்லவேள, என் தட்டு உன்கிட்ட இருக்கு. நாப்பது தடவ ரெக்கார்டு பண்ணியே, நான்கூட லூசுன்னு திட்டுனேன். அத வச்சு பாட்ட முடிச்சுருடா. அந்தப் பொத்தான மட்டும் அமுக்காத, சத்தியமா."

"சரி" என்றேன்.

பிறகு அவன் இடது கையால் கட்டிலின் இரும்பில் தட்டினான், எப்படி வேண்டும் என்று எனக்குக் காட்ட. ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இரண்டு. அளக்கத் தேவையிருக்கவில்லை. அதே முப்பது. பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்தவர் நல்ல காலை ஆட்டத் தொடங்கினார்.

பிசகு அந்தக் கையில் இல்லை. நான் தவறான இடத்தில் வெட்டிவிட்டேன். என் வேலையில் நான் ஒப்புக்கொள்ளும் ஒரே குறை இதுதான்.

இதுவரை எழுதியதை நீங்கள் வாங்கிப் படித்தீர்கள். படித்துவிட்டுச் சொன்னதையும், நடந்ததை நடந்தபடி எழுது என்ற உங்கள் கட்டளைப்படி, எழுதுகிறேன்.

"தம்பி, கூட்டாளி கை போச்சேன்னு மனசு ஒடஞ்சு என்னென்னமோ எழுதுற" என்றீர்கள். "முப்பது மில்லி செகண்ட எந்த மனுசன் கண்டான்? தட்டுன்னா தட்டுதான். ரெண்டும் ஒண்ணுதான். வீட்டுக்குப் போய்ப் படு."

ஒன்றல்ல என்றேன். "அப்ப தட்டிக் காமி" என்றீர்கள். கோப்பைப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். மின்சாரம் இல்லை, மடிக்கணினியில் பாட்டரியும் இல்லை என்றீர்கள். உங்கள் பக்கத்தில் இருந்த இரும்பு அலமாரியைக் காட்டினீர்கள். ஆகவே வேறு வழியில்லாமல் எழுந்தேன்.

முதலில் சரியான தட்டு. கட்டத்தில் இம்மி பிசகாமல் இரண்டு. ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில், ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் மாண்டாஸி தின்றுகொண்டிருந்த கான்ஸ்டபிள் தலையைக்கூடத் தூக்கவில்லை. நீங்கள் கொட்டாவி விட்டீர்கள்.

பிறகு பாஸியின் தட்டு. ஒன்று. கடைசி ஆள் காலை எடுத்து உள்ளே வைக்கும் இடம். இரண்டு.

ஜீப் உறுமியது. கான்ஸ்டபிள் பலகாரத்தை வாயில் கவ்வியபடி கியர் போட்டு வாசல் வரை ஓட்டிப்போய்விட்டு, பின்னால் யாரும் ஏறவில்லை என்று கண்டு விழித்தார். போலீசுக்கு வரும் முன் ஆறு வருடம் டலாடலா ஓட்டியவராம்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். உட்கார் என்றீர்கள். 'தற்செயலாக' என்ற சொல்லை அடித்தீர்கள். நான் வந்த காரியம் முடிந்தது.

நான் உட்காரவில்லை. அலமாரியின் மேல் என் கை இருந்தது. மறுபடி தட்டினேன், பிந்தி. பிறகு இன்னொரு முறை. தட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் கால் ஆட்டம் நின்றிருந்தது.